அதுவா வந்துச்சு... அதுவா போயிடுமா?

"ஏண்டா, நீ இன்ஜினீயரிங்தானே படிக்கிறே? இதைப் படிச்சுட்டுச் சொல்லு. உன் அத்தைக்கு இனிமே ஆஸ்பத்திரி வேணுமா, வேணாமா?"

சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த பேப்பர் கட்டிங்கை எடுத்து நீட்டினார் மாமா. ஏழெட்டு வரிப் பெட்டிச் செய்தி. வெளிநாட்டில் யாருக்கோ கண்ணுக்குள் இருந்த கறுப்புக் கட்டி, எந்த வைத்தியமும் இல்லாமல் தானாகவே சுருங்கிவிட்டதாம். டாக்டர்களே அசந்துபோனார்களாம்!

இ.சி.இ. மூன்றாம் வருஷம் படிக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனால், கேட்டது மாமா. மேட்டர், அத்தையோட கண்ணு. சும்மா இருக்க முடியுமா?

முதலில் ஒரு குட்டி ஃப்ளாஷ்பேக். அத்தை டெய்லர். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்று வெள்ளெழுத்துக் கண்ணாடி போடப் போனார். கண்ணில் சொட்டு மருந்து ஊற்றி, ஒரு மணி நேரம் உட்காரவைத்து, உள்ளே லைட் அடித்துப் பார்த்த டாக்டர், "பார்வை நரம்பு மேல கறுப்பா ஒரு சின்னக் கட்டி இருக்கும்மா. பேரு மெலனோசைட்டோமா. இப்போதைக்கு எதுவும் செய்ய வேணாம். ஆனா, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கண்டிப்பா வந்து காட்டணும்" என்று சொல்லியிருக்கிறார்.

அத்தை காதில் விழுந்தது 'கட்டி' என்கிற ஒரே வார்த்தை. மாமா காதில் விழுந்தது, 'எதுவும் செய்ய வேணாம்'. அந்த 'கண்டிப்பா வந்து காட்டணும்' இருக்கே... அது யார் காதிலும் விழவில்லை!

ஆறு மாசம் முடியப் போகிற நேரத்தில்தான் இந்த பேப்பர் கட்டிங். போக வர பஸ் சார்ஜ், ஒரு நாள் தையல் வருமானம் போச்சு, மருந்து ஊற்றினால் அன்றைக்கு முழுக்க கண் கூசும். "அதுவா வந்துச்சு, அதுவா போயிடும்டா" என்றார் மாமா. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்து காஜா எடுத்துக்கொண்டே இருந்தார்.

மெடிக்கல் காலேஜில் படிக்கிற ஸ்கூல் ஃப்ரெண்டை டீக்கடைக்கு இழுத்து, அவன் புக்ஸை எல்லாம் புரட்டி, ரெண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். தெரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெட்டிச் செய்தி மாதிரி நடப்பது நிஜம். ஆனால், அதிலிருந்து மாமா எடுத்த முடிவுதான் தப்பு. எப்படி? வாங்க, பார்க்கலாம்.

கேமராவுக்குள் கறுப்பு பெயின்ட்!

பழைய ஃபிலிம் கேமராவைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? உள்பக்கம் முழுக்க மங்கலான கறுப்பு. வெளிச்சம் கண்டபடி எதிரொலித்துப் படத்தைக் கெடுக்கக் கூடாது என்பதற்காக. நம் கண்ணுக்குள்ளும் அதே ஐடியா! விழித்திரைக்குப் பின்னால் மெலனின் நிறமி நிறைந்த ஒரு படலம் இருக்கிறது. தோலுக்கு நிறம் கொடுக்கும் அதே மெலனின்தான்.

இந்த நிறமியைத் தயாரிக்கும் செல்கள் சில நேரம் கூட்டமாகச் சேர்ந்து கட்டியாகும். அதில் ரெண்டு கேரக்டர்கள் முக்கியம். பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். குணம் நேர் எதிர்.

ஒன்று, மெலனோமா. புற்றுநோய். ஐரோப்பா, அமெரிக்காவில் வருஷத்துக்குப் பத்து லட்சம் பேரில் ஐந்தாறு பேருக்கு வருகிறது. ஆசியர்களிடம் அதைவிடப் பல மடங்கு குறைவு. அபூர்வம்தான், ஆனால் ஆபத்தானது. கண்ணில் சிகிச்சை நன்றாக முடிந்தாலும், பாதிப் பேருக்குப் பின்னாளில் வேறு இடத்தில், பெரும்பாலும் கல்லீரலில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

பிரபல நரம்பியல் டாக்டர், எழுத்தாளர் ஆலிவர் சாக்ஸ் கதை இதற்கு உதாரணம். 2005 டிசம்பரில் சினிமா தியேட்டரில் உட்கார்ந்திருந்தபோது, கண்ணில் திடீரென்று என்னவோ மின்னியது. பரிசோதித்தால் மெலனோமா. கதிர்வீச்சு, லேசர் எல்லாம் கொடுத்தார்கள். அந்தக் கண்ணின் பார்வை போனது. ஆனால், அதன் பிறகு ஒன்பது வருஷம் சுறுசுறுப்பாக எழுதிக்கொண்டே இருந்தார். 2015 பிப்ரவரியில், அது கல்லீரலுக்குப் பரவிவிட்டதை அவரே கட்டுரை எழுதி உலகத்துக்குச் சொன்னார். அதே வருஷம் ஆகஸ்ட் 30-ம் தேதி காலமானார்.

இரண்டாவது, அத்தைக்கு வந்திருக்கும் மெலனோசைட்டோமா. கரிக்கட்டை மாதிரி அட்டக் கறுப்பு. பெரும்பாலும் பார்வை நரம்பு கண்ணுக்குள் நுழையும் வட்டத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கும். இது புற்றுநோய் கிடையாது. 115 பேரை வைத்து அமெரிக்காவில் செய்து 2004-ல் வெளியான ஆய்வில், மெலனோமாவாக மாறும் வாய்ப்பு நூற்றில் ஒன்றிரண்டு என்றுதான் தெரியவந்தது. மற்றவர்களுக்கு அது பாட்டுக்கு இருக்கும். சிலருக்கு மெதுவாகக் கொஞ்சம் வளரும்.

'அட, இவ்வளவுதானா?' என்று தோன்றுகிறதா? இந்த 'இவ்வளவுதானா'வைக் கண்டுபிடிக்க எத்தனை பேர் கண்ணைக் கொடுத்தார்கள் தெரியுமா?

ஐந்தில் ஒரு கண்!

ஒரு காலத்தில் கண்ணுக்குள் கறுப்பாக எதைப் பார்த்தாலும் பயம். 'மெலனோமாவாக இருந்தால் உயிர் போய்விடும், கண்ணை எடுத்துவிடு' என்பதுதான் ரூல். மெலனோசைட்டோமா இருந்தவர்களுக்கும் அதே கதி.

அமெரிக்காவில் லோரன்ஸ் சிம்மர்மன் என்று ஒரு நோயியல் நிபுணர். அவரும் லெவோன் காரன் என்பவரும் அப்படி எடுக்கப்பட்ட கண்களை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்கள். செல்களுக்குள் நிறமி அடைத்துக்கொண்டு எல்லாமே கறுப்பாகத் தெரிந்தது. நிறமியை ப்ளீச் செய்து வெளுக்கவைத்துப் பார்த்தால்தான் உள்ளே இருப்பது தெரியும். அப்படிப் பார்த்தபோது தெரிந்தவை சாதுவான செல்கள்! 'மெலனோசைட்டோமா' என்று 1962-ல் அதற்குத் தனிப் பெயர் வைத்தார்கள்.

1964-ல் வந்த இன்னொரு ஆய்வு இன்னும் ஷாக். மெலனோமா என்று நினைத்து எடுத்த 529 கண்களைப் பரிசோதித்தார்கள். அதில் 100 கண்களில் மெலனோமாவே இல்லை! கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்று. எடுத்த கண்ணைத் திரும்ப வைக்க முடியாதே பாஸ்...

அதற்குப் பிறகு அல்ட்ராசவுண்ட், கண்ணின் ரத்தக் குழாய்களைப் படம் பிடிக்கும் டெஸ்ட் என்று கருவிகள் வந்தன. அமெரிக்காவில் 1980-களில் ஆரம்பித்த ஒரு பெரிய கூட்டு ஆய்வில், எடுக்கப்பட்ட முதல் 413 கண்களைப் பரிசோதித்தபோது, தப்பாகக் கணித்தது ரெண்டே ரெண்டு. 529-ல் 100 எங்கே, 413-ல் 2 எங்கே!

ஆக, டாக்டர் "இப்போதைக்கு எதுவும் செய்ய வேணாம்" என்று சொல்வது கை கழுவுகிற பேச்சு இல்லை. அந்த ஒரு வரிக்குப் பின்னால் எத்தனையோ பேர் பறிகொடுத்த கண்கள் இருக்கின்றன.

சரி, எப்படித்தான் சுருங்குது?

இப்போது மாமாவின் பேப்பர் கட்டிங்குக்கு வருவோம். வைத்தியமே செய்யாமல் கட்டி எப்படிச் சுருங்கும்? மூன்று வழிகள் இருக்கின்றன.

வழி ஒன்று: பட்டினி. ரெண்டு மாடி வீட்டுக்குப் போட்ட தண்ணி பைப்பை வைத்துக்கொண்டு மேலே அஞ்சு மாடி கட்டினால் என்ன ஆகும்? மேல் மாடிக்குத் தண்ணி ஏறாது. கட்டியும் அப்படித்தான். தன் ரத்தக் குழாயின் சக்திக்கு மீறி வளர்ந்தால் நடுவில் இருக்கும் செல்கள் செத்துப்போகும். செத்த பகுதியை உடம்பு மெதுவாக அப்புறப்படுத்த, கட்டி சிறியதாகும். மெலனோசைட்டோமா தானாகச் சுருங்குவதற்குச் சொல்லப்படும் முக்கியக் காரணம் இதுதான்.

கேட்க ஜாலியாக இருக்கிறதா? இருங்க. இந்தச் சாவு சத்தமில்லாமல் நடப்பதில்லை. அழற்சி வரும், வீக்கம் வரும். பக்கத்திலேயே பார்வை நரம்பு இருக்கிறதே... அது நசுங்கினாலோ அதன் ரத்த ஓட்டம் அடைபட்டாலோ பார்வை திடீரென்று போகலாம். கண்ணின் முன்பகுதியில் வருகிற மெலனோசைட்டோமா என்றால், செத்த செல்களிலிருந்து கொட்டும் நிறமித் துகள்கள் கண்ணின் வடிகாலை அடைத்து, உள்ளே அழுத்தத்தை ஏற்றிவிடும். க்ளாக்கோமா! கட்டி சுருங்கியது என்று சந்தோஷப்படுகிற அதே நேரத்தில் கண்ணே போகலாம்.

வழி இரண்டு: உடம்பின் போலீஸ். சிலருக்குத் தோலில் மச்சத்தைச் சுற்றி வெள்ளை வளையம் விழும். மச்சம் மெதுவாக மங்கி மறைந்தே போகும். ரிச்சர்ட் சட்டன் என்ற தோல் மருத்துவர் 1916-லேயே இதைப் பதிவு செய்திருக்கிறார். நம் நோய் எதிர்ப்பு செல்கள்தான் நிறமி செல்களை எதிரி என்று நினைத்துத் தாக்குகின்றன. தோலில் வரும் மெலனோமாகூட சில நேரம் இப்படித் தேய்வதுண்டு.

ஆனால், கண் வேற மாதிரி ஏரியா. அங்கே இந்த போலீஸுக்குக் கட்டுப்பாடு அதிகம். சண்டை என்று வந்தால் பார்வை கெட்டுப்போகுமே! முயலின் கண்ணுக்குள் வேறொரு முயலின் தோலை ஒட்டிப் பார்த்த பீட்டர் மெடவார், 1948-ல் இதை எழுதினார். மற்ற இடமாக இருந்தால் உடம்பு உடனே எதிர்த்துத் தூக்கி எறிந்திருக்கும். கண்ணில் அது தாக்குப்பிடித்தது. அதனால்தான் கண்ணுக்குள் ஒரு கட்டி இந்த வழியில் சுருங்கினால் டாக்டர்களுக்கே ஆச்சர்யம்.

வழி மூன்றுதான் ட்விஸ்ட். அது கட்டியே இல்லை! விழித்திரைக்கு அடியில் ரத்தம் கசிந்து உறைந்தால், அதுவும் மேடாக, கறுப்பாகத் தெரியும். மெலனோமா என்று ஏமாற வைப்பதில் இதற்கு முக்கிய இடம் உண்டு. உறைந்த ரத்தம் மெதுவாகக் கரையும். 'கட்டி தானா கரைஞ்சுபோச்சு' என்று ஊர் பேசும்.

மூன்றில் எது நடந்தது என்று கட்டிங்கைப் படிக்கிற மாமாவுக்குத் தெரியுமா? வீட்டில் உட்கார்ந்திருக்கும் அத்தைக்குத் தெரியுமா? வாய்ப்பே இல்லை. கண்ணுக்குள் நடக்கிற விஷயம் கண்ணாடியில் தெரியாது.

இன்னொன்றையும் ஃப்ரெண்டு சொன்னான். கதிர்வீச்சு கொடுத்த மெலனோமாக்களில் ரொம்ப வேகமாகச் சுருங்குபவைதான் பின்னால் உடம்பில் அதிகம் பரவின என்று சில ஆய்வுகள் சொல்கின்றனவாம். வேகமாக வளர்கிற செல்தான் கதிர்வீச்சில் வேகமாகச் சாகும் என்று காரணம் சொல்கிறார்கள். கண்ணில் சுருங்குவது வேறு, உடம்பை விட்டுப் போவது வேறு!

சீனியர் சொன்ன கதை

வைத்தியம் இல்லாமல் புற்றுநோய் தேய்வதைப் பற்றி அமெரிக்காவின் எவர்சன், கோல் என்ற இரண்டு டாக்டர்கள் 1966-ல் ஒரு புத்தகமே போட்டார்கள். 1900-லிருந்து அறுபது வருஷத்துக்கு மேல் உலகம் முழுக்க வந்த மருத்துவப் பதிவுகளைச் சலித்து, நம்பகமானவை என்று அவர்கள் எடுத்தது 176 பேர். அறுபது வருஷத்தில், உலகம் முழுக்க, 176! அதிலும் 'தேய்ந்தது' என்றால் 'குணமானது' என்று அர்த்தம் இல்லை என்று அவர்களே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.

நம்ம காலேஜில் ஒரு சீனியர் இருப்பாரே... "மாப்ளே, எக்ஸாமுக்கு முந்தின நைட்டுதான் புக்கையே திறந்தேன், அறுபத்தஞ்சு மார்க்!" என்று ஹாஸ்டல் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவார். அதே மாதிரி முந்தின நைட்டு படித்து அரியர் வைத்த நாற்பது பேர் எங்கே? அவர்கள் எதற்குச் சொல்லப் போகிறார்கள்? கதை சொல்ல வருகிறவர் எப்போதுமே பாஸ் ஆனவர்தான். சுருங்கிய கட்டி பேப்பரில் வரும். சுருங்காத கட்டி செய்தியே இல்லை.

அதற்காக அந்த அபூர்வ கேஸ்களை டாக்டர்கள் 'அதிசயம்' என்று ஒதுக்கிவிடவும் இல்லை. நியூயார்க்கில் வில்லியம் கோலி என்ற சர்ஜன். கழுத்தில் புற்றுக்கட்டி இருந்த ஒரு நோயாளிக்குத் தோலில் கடும் தொற்று வந்து காய்ச்சல் அடித்ததும் கட்டி மறைந்த பழைய பதிவு ஒன்று அவர் கண்ணில் பட்டது. ஆளைத் தேடிப் பிடித்தார். வருஷங்கள் கழித்தும் நன்றாக இருந்தார்! 'அப்படியானால் நாமே தொற்றை உண்டாக்கினால்?' என்று 1891-ல் கிருமியை ஊசியில் ஏற்றிப் போட ஆரம்பித்தார். சிலருக்குப் பலித்தது, பலருக்குப் பலிக்கவில்லை, ஆபத்தும் இருந்தது. ஆனால், உடம்பின் சொந்த போலீஸைப் புற்றுநோய் மேல் ஏவ முடியும் என்ற எண்ணம் சாகவில்லை. பல வருஷ உழைப்புக்குப் பிறகு, அந்த போலீஸின் கைவிலங்கைக் கழற்றும் வழியைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் ஆலிசன், தசுக்கு ஹோன்ஜோ இருவருக்கும் 2018-ல் நோபல் பரிசு.

கண் மெலனோமாவுக்கும் அப்படி ஒரு மருந்து வந்திருக்கிறது. பெயர் டெபென்டஃபுஸ்ப். ஒரு கையால் எதிர்ப்பு செல்லையும், இன்னொரு கையால் மெலனோமா செல்லையும் பிடித்துச் சேர்த்து வைக்கிற மூலக்கூறு. குறிப்பிட்ட ஒரு மரபணு வகை உள்ளவர்களுக்குத்தான் வேலை செய்யும். நோய் பரவிய 378 பேரிடம் செய்த ஆய்வில், ஒரு வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் இந்த மருந்து எடுத்தவர்களில் 73 சதவிகிதம், மற்றவர்களில் 59 சதவிகிதம். அமெரிக்காவில் 2022 ஜனவரியில் அனுமதி கிடைத்தது. சுருங்கிய கட்டியைப் பார்த்து 'கடவுள் செயல்' என்பதோடு நிற்காமல், 'எப்படி?' என்று கேட்டவர்களால் வந்த மருந்து இது.

பார்த்துக்கொண்டிருப்பதும் வைத்தியம்தான்

ரெண்டு வாரம் கழித்து மாமாவிடம் இதையெல்லாம் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். கடைசியில், "மாமா, அந்தக் கட்டிங்ல வந்தவருக்குக் கட்டி சுருங்குச்சுன்னு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"டாக்டருங்க பார்த்துச் சொல்லியிருப்பாங்க."

"அதேதான் மாமா. அவர் ஒழுங்கா செக்கப்புக்குப் போனதாலதான் சுருங்கினதே தெரிஞ்சுது. போகாம வீட்ல இருந்திருந்தா, அந்தச் செய்தியே வந்திருக்காது."

மாமா கட்டிங்கை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "சரி, வியாழக்கிழமை நீயே கூட்டிட்டுப் போய்ட்டு வா" என்றார்.

போனேன். மருந்து ஊற்றி உட்காரவைத்தார்கள். பக்கவாட்டுப் பார்வைக்கு ஒரு டெஸ்ட். உள்ளே போட்டோ. மூடிய இமை மேல் ஜெல் தடவி அல்ட்ராசவுண்ட். ஒலியை அனுப்பு, எதிரொலி வர ஆகும் நேரத்தை அள, கணக்குப் போட்டு உயரத்தைச் சொல்லு. அட, நம்ம சிலபஸ்! செமஸ்டர் வைவாவில் திணறிய எனக்கு, அத்தையின் கண்ணுக்குள் அந்த எதிரொலி வந்து போனபோது முதல் முறையாகப் பாடம் புரிந்தது.

டாக்டர் பழைய போட்டோவையும் புது போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஆரஞ்சு கலந்த சிவப்புப் பின்னணியில், மிளகு சைஸில் ஒரு கறுப்பு. ரெண்டிலும் ஒரே அளவு. வளரவில்லை. சுருங்கவும் இல்லை.

"அப்படியே இருக்கும்மா. ஆறு மாசம் கழிச்சு வாங்க. நடுவுல திடீர்னு மங்கலாச்சுன்னாலோ, மின்னல் மாதிரி அடிச்சாலோ, ஒரு பக்கம் திரை விழுந்த மாதிரி இருந்தாலோ அன்னிக்கே வந்துடுங்க."

வெளியே வந்ததும் வெயில் கூசாமல் இருக்க முந்தானையை நெற்றிக்கு இழுத்துவிட்டுக்கொண்டார் அத்தை. பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பேசினார்.

"ஏன்டா கண்ணு... எனக்கு அது போவணும்னெல்லாம் இல்ல. இருக்குதா, என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சாப் போதும். ஆறு மாசமா ராத்திரியில லைட்டை அணைச்சுட்டு ஒவ்வொரு கண்ணா மூடி மூடிப் பார்த்துட்டு இருந்தேன்."

எனக்குச் சுருக்கென்றது. மாமா பேப்பரை மடித்து வைத்துக்கொண்டு நம்பிக்கையோடு இருந்த அதே ஆறு மாசம், அத்தை இருட்டில் தனியாகப் பயந்துகொண்டு இருந்திருக்கிறார். நாங்கள் யாரும் அவரைக் கேட்கவே இல்லை.

ஸோ ஃப்ரெண்ட்ஸ், உங்கள் வீட்டிலும் 'அதுவா வந்துச்சு, அதுவா போயிடும்' கேஸ் ஒன்று இருக்கும். கண்ணோ, கழுத்தோ, மார்போ... அதுவாகவே போனாலும் போகலாம். ஆனால், போச்சா, இருக்கா, வளருதா என்று அளந்து சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளிடம் கூட்டிக்கொண்டு போக நாம் வேண்டும். ஒரு நாள் காலேஜ் கட் அடிக்க இதைவிட நல்ல காரணம் கிடைக்காது!

அத்தைக்கு அடுத்த செக்கப் தேதியை என் ஹாஸ்டல் காலண்டரில் வட்டம் போட்டு வைத்துவிட்டேன். அன்றைக்கு எனக்கு இன்டர்னல் டெஸ்ட் இருக்கும் போலிருக்கிறது. பரவாயில்லை... அது தானாப் போயிடும்!